கறுவாவும் நீரிழிவும்

இலங்கையின் பெயரைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்கும் வாசனைத் திரவியம் கறுவா. தாவரவியலார் அதனைச் 'சின்னமோமம் சீலானிக்கம்' என வழங்கினர். 1505 இல் இத்தீவின் கரையை அடைந்த போர்த்துக்கேயரையும், அவர்க்குப் பின் வந்த ஒல்லாந்தரையும் இங்கே நிலைகொள்ளச் செய்த பொருள்களுள் இப்பட்டையே தலையாயது. அன்று வணிகர் தேடிய பட்டையை இன்று நோயாளர் தேடுகின்றனர். கறுவா நீரிழிவைத் தணிக்கும் என்னும் நம்பிக்கை உலகெங்கும் பரவியுள்ளமையே அதற்குக் காரணம். அந்நம்பிக்கையில் மெய் எவ்வளவு, மிகை எவ்வளவு என ஆராய்தல் பயனுடைத்து.

இது வெறும் அறிவு விளையாட்டன்று. வடக்கும் கிழக்கும் நீங்கலாக ஏழு மாகாணங்களில் 2005, 2006 ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற ஆய்வொன்று, இருபது வயதும் அதற்கு மேலும் ஆனோரில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் நீரிழிவுடையர் எனக் கண்டது. அவர்களுள் மூன்றிலொரு பங்கினர் தமக்கு நோயுண்டு என்பதையே அறியாதிருந்தனர். கீழ்க்கரையும் இவ்வச்சத்திற்குப் புறம்பானதன்று. சாகாமக் குளத்தை அடுத்த வயல்களில் நெல்லே விளைகின்றது, சோறே முதலுணவு. கறுவாவோ நாட்டின் தென்மேற்கிலுள்ள ஈரநிலத்திலிருந்து இங்கே வருவது. கல்முனை, அக்கரைப்பற்று முதலிய ஊர்களின் விருந்துகளில் அது மணப்பது நெய்ச்சோற்றிலும் புரியாணியிலும் இறைச்சிக்கறியிலுமாகும். நோயைக் கூட்டும் உணவும் அதனைக் குறைக்கும் எனப்படும் பட்டையும் ஒரே கலத்தில் அமைகின்றன.

இனி, நீரிழிவில் நிகழ்வது யாது என நோக்குவோம். சோற்றின் மாப்பொருள் சமிபாடடைந்து குளுக்கோசாகிக் குருதியிற் சேர்கின்றது. அதனைக் கலங்களுட் புகுத்துவது சதையி சுரக்கும் இன்சுலின். இன்சுலின் குறைந்தாலும், கலங்கள் அதற்கு இணங்க மறுத்தாலும் குளுக்கோசு குருதியிலே தேங்கும். நாளடைவிற் கண், சிறுநீரகம், நரம்பு, இதயம் ஆகியன பழுதடையும். கறுவாவிலுள்ள சில பொருள்கள் கலங்களை இன்சுலினுக்கு இணங்கச் செய்கின்றன என்பது ஆய்வுகூடங்களிற் காணப்பட்டது. மற்றொரு வழியும் உண்டு. சுவீடனில் நடைபெற்று 2007 இல் வெளியான ஆய்வொன்றில், உடல்நலமுடைய 14 பேர் பாற்சோற்றை ஒருமுறை தனியாகவும், ஒருமுறை 6 கிராம் கறுவாத்தூளுடனும் உண்டனர். தூள் கூடியபோது இரைப்பையிலிருந்து உணவு மெல்லவே வெளியேறியது. உணவின் பின் குருதியில் ஏறும் குளுக்கோசும் குறைந்தது.

நோயாளரிடத்து இதன் விளைவு யாது? 2003 இல் வெளியான பாக்கிஸ்தான் ஆய்வொன்றே இந்நம்பிக்கைக்குப் பெரிதும் வித்திட்டது. 60 நோயாளரிற் பாதிப்பேர் நாளொன்றுக்கு 1, 3 அல்லது 6 கிராம் பட்டைத்தூளை 40 நாள் உட்கொண்டனர். அவர்களின் வெறுவயிற்றுக் குளுக்கோசு நூற்றுக்கு 18 முதல் 29 வரை குறைந்தது. ஆயினும், பின்னர் நடந்த ஆய்வுகள் ஒருமுகமாக அமையவில்லை. 577 பேரை உட்படுத்திய 10 ஆய்வுகளை 2012 இல் தொகுத்து நோக்கிய கொக்ரேன் மதிப்பீடு, கறுவாவை நீரிழிவு மருந்தாக விதிப்பதற்குப் போதிய சான்றில்லை என முடிவு செய்தது. ஒருநாட் காலையிற் குறையும் அளவு வேறு; இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சோதனையில் குறைவு வேறு. பின்னதே நோய் கட்டுப்பட்டதன் அடையாளம். அதில் தெளிவான பயன் காணப்படவில்லை.

இங்கே மற்றொரு நுட்பமும் கருதற்பாலது. பாக்கிஸ்தான் ஆய்வில் வழங்கப்பட்டது இலங்கைக் கறுவாவன்று. 'கசியா' எனப்படும் சீனப்பட்டை. பிற ஆய்வுகளிற் பலவும் அதனையே கையாண்டன. இலங்கைக் கறுவா மெல்லிய பல படைகள் சேர்ந்து சுருட்டுப்போல் அமைந்தது, எளிதில் நொறுங்குவது. கசியா தடித்து வலிய ஒற்றைப் பட்டை. மணத்தில் நெருங்கிய இவ்விரண்டும் ஒரு பொருளில் மிக வேறுபடுகின்றன. கசியாவிற் 'கூமரின்' மிகுதி. இலங்கைக் கறுவாவில் அது மிகச் சிறிதே. கூமரின் அளவு மீறின் சிலருடைய ஈரலைத் தாக்கும். உடல்நிறையின் ஒரு கிலோகிராமுக்கு நாளொன்றுக்கு 0.1 மில்லிகிராம் வரை அது தாங்கத்தக்கது என ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை வரையறுத்துள்ளது. 60 கிலோகிராம் நிறையுடையவர்க்கு அது 6 மில்லிகிராம். ஒரு கிராம் கசியாத்தூளில் ஏறத்தாழ 3 மில்லிகிராம் இருக்கக்கூடும் என்பதால், நாடோறும் 2 கிராம் உண்பதே எல்லையைத் தொட்டுவிடும். நத்தார்ப் பலகாரங்களிற் கறுவாவை மிகுதியாகச் சேர்க்கும் ஜேர்மனியில் 2006 இல் அரச நிறுவனமே இதுபற்றி எச்சரித்தது.

இலங்கைக் கறுவாவைக் கொண்டு கொழும்பில் நடைபெற்ற ஆய்வொன்று, உடல்நலமுடைய 30 பேர்க்கு மூன்று மாதம் அதன் சாரத்தைக் கொடுத்துப் பெருந்தீங்கு நேராமையைக் கண்டது. தீங்கின்மை ஒன்று, நோய் தீர்த்தல் பிறிதொன்று.

ஆகவே, கறியிலும் தேநீரிலும் கறுவா சேர்த்தல் நன்றே. தூளாக நாடோறும் உண்ண விரும்புவோர் பட்டையின் இனத்தை அறிந்து வாங்குதலும், மருத்துவரிடம் அதனைக் கூறுதலும் வேண்டும். ஆனால் கறுவாநீரை நம்பிக் குளிசையையோ இன்சுலினையோ நிறுத்துவோர், காலையில் ஓரெண் குறைவதைக் கண்டு மகிழ்ந்து, கண்ணும் சிறுநீரகமும் மெல்லப் பழுதுறுவதைக் காணாது விடுவர். சோற்றின் அளவைக் குறைத்தல், நடத்தல், குருதியைக் காலந்தோறும் சோதித்தல் ஆகியவற்றுக்குக் கறுவா துணையாகலாமேயன்றி ஈடாகாது.