முகம்மது அலி: திறனை அளக்கும் கோல்

'கம்பர் பெரியரா, இளங்கோவடிகள் பெரியரா?' என்னும் வினா தமிழ் வகுப்பறைகளில் ஓயாது எழுவதாகும். காலமும் யாப்பும் வேறுபட்ட இருவரை ஒரே கோலால் அளத்தல் ஒல்லுமா என்பதே அவ்வினாவில் பொதிந்துள்ள இடர்ப்பாடு. குத்துச்சண்டைக் களத்திற்கும் இவ்விடர்ப்பாடு பொதுவே. 'எல்லாக் காலத்து வீரருள்ளும் முகம்மது அலியே தலையாயவரா?' எனக் கேட்டால், நம் மாணவர்கள் சிந்திக்கும் முன்னரே 'ஆம்' என்பர். அவர் நம்மவர் என்னும் அன்பு அவ்வாறு சொல்லச் செய்கிறது. அன்பு வேறு, அளவுகோல் வேறு. ஈண்டு அளவுகோலை நோக்குவோம்.

கணிப்பொறியின் தீர்ப்பு

1969-இல் அமெரிக்காவில் விந்தையானதொரு முயற்சி நடந்தது. 49 போட்டிகளில் ஒன்றிலும் தோலாது 1956-இல் ஓய்வு பெற்ற ராக்கி மார்சியானோவும், வியட்நாம் போர்க்காலத்தில் படையிற் சேர மறுத்தமையால் 1967-இல் பட்டம் பறிக்கப்பட்ட அலியும் படப்பிடிப்புக் கருவியின் முன் மோதுவது போல் நடித்தனர். முடிவைக் கணிப்பொறி கூறும் என்றனர். 1970 சனவரியில் அமெரிக்கத் திரையரங்குகளில் 13ஆம் சுற்றில் மார்சியானோ வென்றதாகக் காட்டப்பட்டது. அதனைக் காண அவர் உயிருடன் இல்லை. 1969 ஆகஸ்டில் விமான விபத்தில் மறைந்துவிட்டார்.

எண்கள் உரைக்காதவை

மார்சியானோவின் எடை ஏறத்தாழ 84 கிலோ. கைவீச்சு 68 அங்குலம். அலியின் கைவீச்சோ 78 அங்குலம். 1951-இல் மார்சியானோ வீழ்த்திய ஜோ லூயிஸுக்கு அப்போது அகவை 37. பட்டத்தை 25 முறை காத்த லூயிஸின் நற்காலம் கழிந்துவிட்டிருந்தது. இதனால் மார்சியானோ சிறியர் ஆகார். தம் காலம் முன்னிறுத்திய அனைவரையும் அவர் வென்றார். ஆயினும் யாரை, எந்நிலையில் வென்றார் என்பதை 49 என்னும் எண் உரைப்பதில்லை.

எந்த அலி?

அலியை ஒப்பிடுவோர், 'எந்த அலி?' என முதலில் வினவுதல் வேண்டும். 1966-இல் கிளீவ்லண்ட் வில்லியம்சை மூன்றே சுற்றுகளில் வென்ற அலி, கைகளைத் தாழ்த்தி வைத்தார். குத்து வருங்கால் தலையைப் பின்னே சாய்த்தார். பயிற்சியாளர் இவ்விரண்டையும் பிழையென்பர். கால்களின் விரைவும் கண்ணின் கூர்மையும் அப்பிழைகளையே திறனாக்கின.

25 அகவை முதல் 28 அகவை வரை, மூன்றரை ஆண்டுகள் அவர் களம் காணவில்லை. 1970-இல் மீண்டபோது கால்களில் பழைய விரைவு இல்லை. 1971-இல் ஜோ பிரேசியரின் இடக்கைக் கொக்கிக் குத்து அவரைத் தரையில் வீழ்த்தியது. 1963-இலும் ஹென்றி கூப்பரின் அத்தகைய குத்தே அவரை வீழ்த்தியது. அக்குறை உண்மையானது, மறைத்தற்குரியதன்று. எனினும் 1974-இல் கின்ஷாசா நகரில் கயிற்றிற் சாய்ந்து, ஜார்ஜ் போர்மனின் குத்துகளைத் தாங்கி, அவரைக் களைப்புறச் செய்து, எட்டாம் சுற்றில் வீழ்த்தினார். இவர் வேறோர் அலி.

நம் முடிபு

குறுகிய தொலைவில் பிழையற்ற குத்து என்னும் கோலால் அளந்தால் லூயிஸ் முற்படுவார். எடை வேறுபாட்டை நீக்கி நோக்கின், அலியே போற்றிய சுகர் ரே ராபின்சன் முற்படுவார். விரைவும், இழந்த திறனுக்கு ஈடாகப் புதுத்திறன் காணும் அறிவும் கோலாயின், மிகுஎடை வீரருள் அலிக்கு நிகராவார் இலர் என்பது நம் கருத்து. கொள்கைக்காக அவர் இழந்த மூன்றரை ஆண்டுகளுக்கு எக்கணிப்பொறியிலும் எண் இல்லை.

இறுதியாக ஒன்று. கின்ஷாசாவில் அடி தாங்கியதைத் திறனென்று புகழ்கிறோம். 1984-இல் அவருக்குப் பார்க்கின்சன் நோய் கண்டறியப்பட்டது. 2016-இல் மறையும்வரை அந்நோயுடனேயே வாழ்ந்தார். 'யார் பெரியர்?' என ஆரவாரிக்கும் நாம், அவ்வுடல்கள் ஏற்ற அடிகளையும் எண்ணிப் பார்த்தல் அறமாகும்.