கண் திறக்காத இரண்டு வாரம்

நெகிரி செம்பிலானில் நள்ளிரவு வெப்பம் 23, 24 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்குவது அபூர்வம். காற்றாடி இல்லாமல் கண்ணயர முடியாது. இந்த ஊரில் பிறந்த நாய்க்குட்டி குளிரில் செத்தது என்று சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் பிறந்த சில நாள்களுக்குள் குட்டிகள் சாவதற்கு எந்த நாட்டுக் கால்நடை மருத்துவரும் முதலில் சொல்லும் காரணங்களில் குளிரும் ஒன்று. அதற்கு மலேசியா விதிவிலக்கல்ல.

வளர்ந்த நாயின் உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி வரை இருக்கும். பிறந்த குட்டிக்கு முதல் வாரத்தில் அது 35, 36 டிகிரிதான். குட்டிக்கு நடுங்கத் தெரியாது. நடுக்கம் என்பது தசைகளை உதறி உடம்பைச் சூடாக்கும் ஏற்பாடு. அந்த ஏற்பாடே அதற்கு இன்னும் வந்து சேரவில்லை. தோலுக்கடியில் கொழுப்பும் இல்லை; ஈரலில் இருக்கும் சர்க்கரைச் சேமிப்பு சில மணி நேரத்துக்குத்தான் தாங்கும். சுற்றிலும் 30 டிகிரி அளவுக்காவது சூடு இருந்தால்தான் முதல் வாரத்தை அது தாண்டும். நமக்குப் புழுக்கமான இரவும் குட்டிக்கு ஆறேழு டிகிரி குறைவு. தாயின் வயிறு ஒன்றுதான் அதற்கு அடுப்பு.

குளிர்ந்துபோன குட்டிக்கு என்ன ஆகும்? உடல் வெப்பம் 34 டிகிரி அளவுக்கு இறங்கினால் குடல் வேலைநிறுத்தம் செய்துவிடும். அந்த நேரத்தில் பால் ஊற்றினால் அது செரிக்காது. வயிற்றிலேயே கெடும், அல்லது மூச்சுக்குழாய்க்குள் போகும். லயத்தில் நல்ல மனசுக்காரர்கள் செய்யும் தவறு இதுதான். மழையில் நனைந்து விறைத்துக் கிடக்கும் குட்டியைத் தூக்கிவந்ததும் வாயில் பாலைப் புகட்டுவார்கள். முதலில் சூடு, அப்புறம்தான் பால். சட்டைக்குள் நெஞ்சோடு அணைத்து வைத்தாலும் போதும். இளஞ்சூட்டு நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றி அருகே வைக்கலாம். மெதுவாக, ஒரு மணி நேரத்துக்கும் மேல் எடுத்துக்கொண்டு சூடேற்ற வேண்டும். அவசரப்பட்டுச் சுடவைத்தால் தோலுக்கு மட்டும் இரத்தம் பாய்ந்து உள்ளுறுப்புகள் பட்டினி கிடக்கும். இன்னொன்றும் உண்டு. நாய்களைத் தாக்கும் ஹெர்பிஸ் வைரஸ் ஒன்று 37 டிகிரிக்குக் கீழேதான் வேகமாகப் பெருகும். வளர்ந்த நாயை அது பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. குளிர்ந்த குட்டிகளையோ ஓரிரு நாளில் மொத்தமாக வாரிக்கொண்டு போய்விடும்.

கண்ணும் காதும் மூடியபடி பிறக்கும் குட்டியைத் தனி உயிர் என்று நினைப்பதே தவறு என்பது என் கருத்து. முதல் இரண்டு வாரம் அது தாயின் உடம்பிலிருந்து பாதிதான் பிரிந்திருக்கிறது. அதற்குத் தானாகச் சிறுநீர் கழிக்கக்கூட முடியாது. தாய் அடிவயிற்றை நக்கினால்தான் வரும்; கிட்டத்தட்ட மூன்று வாரம் வரை இப்படித்தான். நக்கியதைத் தாய் விழுங்கியும் விடுகிறது. நமக்கு அருவருப்பு, அதற்குச் சிக்கனம். ஆஸ்திரேலிய டிங்கோ நாய்களையும் கங்காருகளையும் அளந்து பார்த்த ஆய்வாளர்கள், பாலாகக் கொடுத்த நீரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இப்படித் தாய்க்கே திரும்பிவருகிறது என்று கண்டார்கள். தாயில்லாக் குட்டியை வளர்க்கிறவர்கள் பால் கொடுத்த பிறகு வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் அந்த இடத்தைத் துடைத்துவிட வேண்டும். இதை மறந்தால் வயிறு வீங்கியே செத்துவிடும்.

நோயெதிர்ப்புச் சக்தியும் தாய் தருவதுதான். மனிதக் குழந்தைக்குக் கருவிலேயே நஞ்சுக்கொடி வழியாக ஏராளமான எதிர்ப்புப் புரதங்கள் வந்துவிடுகின்றன. நாயின் நஞ்சுக்கொடி அப்படி அமையவில்லை. பத்தில் ஒரு பங்கு கடந்தால் அதிகம். மீதி முழுவதும் சீம்பாலில். அதற்கும் கெடு உண்டு. குட்டியின் குடல் அந்தப் புரதங்களை முழுசாக உள்ளே விடுவது ஏறத்தாழ ஒரே ஒரு நாள்தான். முதல் சில மணி நேரம் பொன்னானது. அப்புறம் கதவு மூடிவிடும். நோஞ்சான் குட்டி ஒன்று ஓரமாக ஒதுக்கப்பட்டால், அந்த முதல் நாளில் அதைப் பின்மடியில், பால் நிறைந்த காம்பில் பிடித்து வைப்பதைவிடப் பெரிய உதவி எதுவும் நாம் செய்ய முடியாது.

இனி தோட்டத்துக்கு வருவோம். ரந்தாவ், லிங்கி, லாபு, பகாவ் பக்கமெல்லாம் ரப்பர் போய்ச் செம்பனை வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. வெட்டிய மட்டைகளை மர வரிசைகளுக்கிடையே அடுக்கிப் போடுவார்கள். அந்த அடுக்குக்கடியில் நிழலும் மறைவும் உண்டு. பெட்டை நாய் ஈனுவதற்கு அதைத்தான் தேடிப்போகும். எலியும் அங்கேதான், எலியைத் தேடிவரும் நாகமும் அங்கேதான். லயத்துக்குப் பின்னால் இருக்கும் ஒரு பழைய அட்டைப் பெட்டி இதைவிடப் பாதுகாப்பு. ஒரு பக்கத்தைத் தாய் ஏறி இறங்கும் உயரத்துக்கு வெட்டி, பழைய கைலியை மடித்துப் போட்டு, செங்கல் மேல் தூக்கி வைத்தால் மழைநீரும் எறும்பும் அண்டாது. பினாயில் ஊற்றிக் கழுவ வேண்டாம். குட்டியின் தோல் அதைத் தாங்காது. இடம் மாற்றும்போது தாயைக் கூடவே அழைத்துப் போங்கள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் கூட்டமாக வந்து பார்த்தால் தாய் மிரண்டு குட்டிகளைக் கவ்விக்கொண்டு மறுபடியும் காட்டுக்குள் போய்விடும்.

இங்கே மண்ணே ஓர் எதிரி. ஈரமும் நிழலும் உள்ள தோட்டத்து மண் கொக்கிப்புழுவுக்குச் சொர்க்கம். 1915 முதல் 1917 வரை மலாயா, ஜாவா, பிஜி தீவுகளில் ராக்பெல்லர் அறக்கட்டளையின் குழு ஒன்று கொக்கிப்புழுவையும் மலேரியாவையும் ஆராய்ந்தது. தோட்டத் தொழிலாளர்களை அந்தப் புழு அவ்வளவு உறிஞ்சிக்கொண்டிருந்தது. நாயின் கொக்கிப்புழு வேறு இனம். அதன் தந்திரம் இன்னும் ஆழமானது. பெட்டை நாயின் தசைக்குள் புழுவின் இளம்பருவம் மாதக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். எந்த மலப் பரிசோதனையிலும் சிக்காது. நாய் ஈன்றதும் அது விழித்து, மடிக்குப் போய், பாலோடு குட்டிக்குள் இறங்கும். உருளைப்புழு அதையும் முந்திக்கொள்கிறது: நாயின் கருக்காலமான சுமார் 63 நாளில், 42ஆம் நாள் வாக்கில் கிளம்பி நஞ்சுக்கொடியைக் கடந்து, பிறக்காத குட்டியின் ஈரலுக்கே போய்ச் சேர்கிறது. எந்தத் தாயிடமும் ‘சுத்தமான’ குட்டி பிறப்பதில்லை என்று வைத்துக்கொண்டு நடப்பதுதான் புத்திசாலித்தனம்.

நல்ல கொழுகொழுவென்று இருந்த குட்டி இரண்டாம் மூன்றாம் வாரத்தில் திடீரென்று துவண்டால் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். ரோஜா நிறம் போய் வெளுத்திருந்தால், மலம் தார்போல் கறுத்திருந்தால், இரத்தம் புழுவின் வயிற்றுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. குடற்புழு மருந்தை இரண்டாம் வாரத்தில் தொடங்கி எட்டாம் வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, எடைக்கேற்ற அளவில், மருத்துவரிடம் கேட்டுக் கொடுக்க வேண்டும். தாய்க்கும் கூடவே. அன்சிலோஸ்டோமா சைலானிக்கம் என்ற கொக்கிப்புழு நாய்க்கும் மனிதனுக்கும் பொதுவானது. மலேசியக் கிராமங்களில் இரண்டு தரப்பிலும் அது இருப்பது உறுதியாகியிருக்கிறது. செருப்பில்லாமல் அஞ்சடியில் விளையாடும் நம் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் அந்த மருந்து.

தாயைக் கவனிப்பதில்தான் நாம் கோட்டை விடுகிறோம். எல்லார் கண்ணும் குட்டிமேல். ஈன்ற நாயிடமிருந்து கரும்பச்சைக் கசிவு வருவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நஞ்சுக்கொடியின் ஓரத்தில் தேங்கிய இரத்தம் சிதைந்து உண்டான நிறம் அது. நாற்றமடித்தால், கூடவே காய்ச்சலும் சாப்பாட்டு வெறுப்பும் இருந்தால், கருப்பையில் சீழ் பிடித்திருக்கலாம். ஒரு மடிக்காம்பு மட்டும் கல்லாகி, சிவந்து, தொட்டால் சுட்டால் அது மடிநோய். இரண்டுக்கும் வீட்டு வைத்தியம் கிடையாது.

இன்னொன்று, பார்த்தால் பேய் பிடித்தது போலிருக்கும். ஈன்று ஒன்றிலிருந்து நாலு வாரத்துக்குள் தாய் மூச்சிரைக்கும், கால் விறைத்து மரக்கட்டை போல் நடக்கும், உடம்பு துடிக்கும், கொதிக்கும், வலிப்பு வரும். இரத்தத்தில் கால்சியம் வடிந்துபோனதன் அடையாளம். சின்ன உடம்பும் நிறையக் குட்டிகளும் உள்ள நாய்க்கு அதிகம் வரும். சினையாக இருக்கும்போதே கால்சியம் மாத்திரை கொடுத்தால் தடுக்கலாம் என்று தோன்றும், நடப்பது நேர்மாறு. வெளியிலிருந்து தாராளமாகக் கிடைக்கும்போது, எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்துத் தரும் சுரப்பி சோம்பிவிடுகிறது. பால் சுரக்கத் தொடங்கி உண்மையான தேவை வரும்போது அது எழுந்திருக்க நேரமாகிறது. வலிப்பு கண்டால் குட்டிகளைப் பிரித்துவிட்டு உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும். நரம்பு வழியே மெதுவாக, இதயத்துடிப்பைக் கேட்டுக்கொண்டே கால்சியம் ஏற்றினால் எழுந்து நிற்கும், தாமதித்தால் இல்லை.

மற்றபடி அதற்கு வேண்டியது சோறு. மூன்றாம் நாலாம் வாரத்தில் வழக்கத்தைவிட இரண்டு முதல் நாலு மடங்கு சாப்பாடு கேட்கும். குழம்புச் சோற்றின் மிச்சம் போதாது. முட்டை, ஈரல், முள் நீக்கிய மீன் சேருங்கள். முடிந்தால் குட்டிகளுக்கென்று விற்கும் பிஸ்கட்டையே தாய்க்கும் கொடுங்கள். வெங்காயமும் வேகவைத்த கோழி எலும்பும் கூடாது. தண்ணீர் எந்நேரமும் எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

தாய் செத்துப்போனால் நம்மவர் கை முதலில் போவது டின் பாலுக்கு. அதில் பாதிக்குக் கிட்டத்தட்டச் சர்க்கரை, வயிற்றுப்போக்கு நிச்சயம். பசும்பாலும் சரிப்படாது. நாய்ப்பாலில் கொழுப்பும் புரதமும் அதைப்போல் இரண்டு மடங்கு, பால்சர்க்கரையோ குறைவு. கடையில் நாய்க்குட்டிக்கென்றே பால்மாவு விற்கிறார்கள். விலை கூடத்தான், வேறு வழியில்லை. குட்டியைக் குப்புறப் படுத்த நிலையிலேயே ஊட்டுங்கள்; மல்லாத்தினால் பால் நுரையீரலுக்குப் போகும். சமையலறைத் தராசில் தினமும் நிறுத்துப் பார்த்தால் போதும். பத்து நாளில் பிறந்த எடை இரட்டிப்பாக வேண்டும். ஒரு நாள் ஏறாவிட்டால் கவனியுங்கள், இறங்கினால் விரையுங்கள்.

கண் 10 முதல் 14 நாளில் திறக்கும், காது அதற்குச் சற்றுப் பின்னால். மூன்றாம் வாரத்திலிருந்து உலகம் உள்ளே போகத் தொடங்குகிறது. அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில் குட்டிகளை உயர்ந்த வேலிக்குள், மனித வாடையே இல்லாமல் வளர்த்துப் பார்த்தார்கள். 1961இல் முடிவு வெளியானது. 14 வாரம் வரை மனிதரைத் தொடாத குட்டி கிட்டத்தட்டக் காட்டு விலங்காகிவிட்டது. அந்த ஆய்வகத்தில் நாய்க்குட்டி ஆராய்ச்சியை நடத்திவந்த ஜான் பால் ஸ்காட் பிற்காலத்தில் நம் ஓராங் அஸ்லி மக்களின் தெலோமியன் நாய்களையும் ஆராய்ந்தார். 1963இல் அவை இங்கிருந்து அமெரிக்காவுக்குப் போயின. மட்டை அடுக்குக்கடியில் பிறந்து மூன்று மாதம் யார் கையும் படாத குட்டிதான் பின்னால் தோட்டத்தில் ஆளைக் கண்டால் பல்லைக் காட்டும் நாய். அது பிறவிக் குணம் அல்ல. மூன்றாம் வாரத்துக்கு மேல் தினமும் கொஞ்ச நேரம் தூக்கிக் கொஞ்சினால் போதும். அதற்காக முப்பது நாளில் தாயைப் பிரித்து ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிடுவதும் கூடாது. எட்டு வாரம் தாயோடும் உடன்பிறப்புகளோடும் இருக்கட்டும். பார்வோ நோய்க்கான முதல் தடுப்பூசியும் ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் போட வேண்டியது.

ஆண்குட்டியை மட்டும் வைத்துக்கொண்டு பெட்டைக் குட்டிகளைச் சாக்கில் கட்டி அடுத்த தோட்டத்துக் கோயிலிலோ பாசாரிலோ விட்டுவரும் பழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை. 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் வளர்ப்பவருக்குக் கடமைகளை வகுத்திருக்கிறது. அது தெரியாதவர்கள் தெரிந்துகொள்ளட்டும். ஈன்ற நாய் நாலைந்து மாதத்தில் மறுபடியும் பருவத்துக்கு வந்துவிடலாம். குட்டிகள் பால்குடி மறந்து, மடி வற்றியதும் அதை மாவட்டக் கால்நடை அலுவலகத்துக்கோ தனியார் கிளினிக்குக்கோ அழைத்துப்போய்க் கருத்தடைக்கு நாள் கேளுங்கள். செலவு தனியாளுக்குக் கனமென்றால் லயத்தில் நாலு வீடு சேர்ந்து பங்கு போடுங்கள்.