தீவில் ஒரு மாநாடு: வரவுக்கும் செலவுக்கும் இடைப்பட்ட கடல்

சென்னையிலுள்ள நிறுவனம் ஒன்று தன் முகவர்கள் இருநூறு பேருக்கான மாநாட்டை அந்தமானில் நடத்த விரும்புகிறது. டெலானிபூரில் சிறு அலுவலகம் வைத்திருக்கும் நிகழ்ச்சி ஏற்பாட்டாளர் ஒருவரிடம், ரூ.30 இலட்சத்திற்கு அப்பொறுப்பை ஒப்படைக்கிறது என்று கொள்வோம்.

அவரது பணி மேடை அலங்காரத்தில் தொடங்குவதில்லை, நாட்காட்டியில் தொடங்குகிறது. மே மாதம் முதல் ஆண்டிறுதி வரை இரு பருவமழைகளும் அடுத்தடுத்துப் பெய்யும் தீவுகள் அவை. ஜனவரி முதல் ஏப்ரல் வரையே வானத்தைப் பெரிதும் நம்பலாம். அடுத்தது கடிகாரம். இந்தியாவின் கிழக்கு ஓரத்தில் இருந்தும் அங்கே பொது இந்திய நேரமே வழங்குவதால், ஜனவரியில் மாலை ஐந்தரை மணிக்குள் கதிரவன் மறைந்துவிடும். சென்னை வழக்கப்படி ஆறு மணிக்குக் கடற்கரை வரவேற்பு என்று அழைப்பிதழ் அச்சிட்டால், விருந்தினர் இருட்டில்தான் கைகுலுக்க நேரும்!

சென்னையிலிருந்து சரக்கு கப்பலில் வந்துசேர ஏறத்தாழ மூன்று நாட்கள் ஆகும். ஆகவே ஒலிவாங்கி பழுதானால் மறுநாள் வரவழைப்போம் என்னும் பேச்சுக்கே இடமில்லை. காற்று வலுத்தால் ஸ்வராஜ் தீவுக்குச் செல்லும் படகுகள் நிறுத்தப்படும்; அந்நாளின் இழப்பு யாருடையது என்பதை ஒப்பந்தத்தில் முன்னரே எழுதிவிட வேண்டும். 2020 ஆகஸ்ட்டில் சென்னையிலிருந்து கடலடிக் கண்ணாடியிழை வடம் வந்தபின், இணையவழி உரைகளை ஏற்பாடு செய்வது மட்டும் எளிதாகியுள்ளது.

இனிப் பணம். வாடிக்கையாளர் வரி உட்பட ரூ.12 இலட்சம் முன்பணம் தருகிறார். அதில் 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரியின் பங்கான ஏறத்தாழ ரூ.1.83 இலட்சம் ஏற்பாட்டாளரின் பணமே அன்று. இதைப் பலர் மறந்துவிடுகின்றனர். விடுதி, விமானச்சீட்டு, உணவு ஆகியவற்றிற்கு நிகழ்ச்சிக்கு முன்பே ரூ.22 இலட்சம் செலுத்த வேண்டியிருந்தால், குறைந்தது பத்து இலட்சம் அவர் கையிலிருந்தே போகிறது. மீதித் தொகை மூன்று மாதம் தாமதமானால், 12 விழுக்காட்டில் பத்து இலட்சத்திற்கு வட்டி ரூ.30,000. வட்டியைக் காட்டிலும் பெரிய இழப்பு வேறு: பருவமே நான்கு மாதங்கள்தான். பணம் முடங்கினால் அடுத்த நிகழ்ச்சிக்கு முன்பணம் கட்ட இயலாது. ஓராண்டின் வருவாயே கைநழுவக்கூடும்.

எனவே கடன் கேட்டு வருவோரிடம் உத்யம் பதிவு உள்ளதா என்று நாங்கள் முதலில் வினவுகிறோம். பதிவுபெற்ற குறு, சிறு நிறுவனத்திற்கு எழுத்துவழி ஒப்பந்தம் இருப்பின் அதிகபட்சம் 45 நாட்களுக்குள்ளும், இல்லையெனில் 15 நாட்களுக்குள்ளும் பணம் செலுத்த வேண்டும் என்பது சட்டம். தவறினால், ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மும்மடங்கு கூட்டுவட்டி சேரும். 2024-25 மதிப்பீட்டு ஆண்டு முதல், இக்கெடு கடந்த நிலுவையைச் செலுத்தும் ஆண்டில்தான் வாங்குபவர் தம் வருமானவரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியும். கோபமான நினைவூட்டல் கடிதங்களைவிட, விலைப்பட்டியலில் அச்சிட்ட உத்யம் எண்ணுக்குச் சென்னைக் கணக்காளர் விரைந்து செவிசாய்ப்பார்.

அதன் பின்னும் எஞ்சும் இடைவெளிக்குத்தான் நடைமுறை மூலதனக் கடன். அதற்கு டிசம்பரில் விரைந்து வருவதைவிட, மழைக்காலத்திலேயே ஒப்பந்த நகலுடனும் முந்தைய ஆண்டின் வரவு செலவுடனும் கிளைக்கு வருவது நன்று. ஆவணங்களைப் பார்வையிட எங்களுக்கும் அப்போது நேரம் இருக்கும்.