விடத் தெரியாத மாப்

மாப்பை மாற்றிப் பார்த்தாயிற்று, ஃபினாயிலை மாற்றிப் பார்த்தாயிற்று. ஆனாலும் துடைத்த தரை காய்ந்ததும் கறுப்பு டைல்ஸில் வெள்ளைக் கோடு தெரிவது ஏன் என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். இனி எந்த மாப் வாங்கலாம் என்பது கேள்வியின் கடைசி வரி. அந்த வரிக்கு விளம்பரங்கள் தினமும் பதில் சொல்லிக்கொண்டிருக்கின்றன. ஒன்று தன் எடையைப்போலப் பல மடங்கு தண்ணீரை உறிஞ்சுமாம், இன்னொன்று ஒரே இழுப்பில் தரையைக் கண்ணாடியாக்குமாம், மற்றொன்று 99.9 சதவீதக் கிருமியைத் துடைத்தெடுக்குமாம். எல்லாமே மாப் எவ்வளவு பிடிக்கிறது என்ற கணக்கு. பிடித்ததை எவ்வளவு விடுகிறது என்று அட்டைப்பெட்டியில் தேடிப் பாருங்கள், கிடைப்பது அரிது. டைல்ஸ் கோட்டுக்கான விடை இந்த அச்சிடாத எண்ணில்தான் இருக்கிறது என்பது என் வாதம். மாப்பின் வடிவமைப்பைத் திருத்த நினைப்பவர் நாரைத் தொடுவதற்கு முன் வாளியைத் தொட வேண்டும்.

முதலில் கோடு எப்படி விழுகிறது என்று பார்ப்போம். துடைத்த தரையில் நிற்கும் நீர்ப்படலம் 30 மைக்ரான் என்று வைத்துக்கொள்வோம்; தலைமுடியின் தடிமனில் பாதிகூட வராது. ஆனால் 500 சதுர அடி வீட்டுக்கு அதைக் கூட்டிப் பார்த்தால் கிட்டத்தட்ட 1.4 லிட்டர். ஐந்து லிட்டர் தண்ணீரோடு துடைக்க ஆரம்பித்தவர், அதில் கால் பங்குக்கு மேல் தரையிலேயே விட்டு, மின்விசிறியைப் போட்டுக் காயவைக்கிறார். தண்ணீர் ஆவியாகிப் போய்விடும்; அதில் கரைந்திருந்த உப்பும் மிதந்த தூசியும் எங்கே போகும்? குடிநீருக்கான இந்தியத் தரவிதி, லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை கரைந்த திடப்பொருளை ஏற்கிறது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்கிறது. அந்த மேல் எல்லையில் இருக்கும் போர்வெல் தண்ணீரால் துடைத்தால், ஒரு தடவைக்கு ஏறத்தாழ அரைத் தேக்கரண்டி உப்பு தரையில் படியும். அது சீராகப் படிந்தால் கண்ணில் பட்டுத் தொலைக்காது. படலம் அறுந்து திட்டுத் திட்டாகப் பிரிகிறது, ஒவ்வொரு திட்டும் ஓரத்திலிருந்து காய்கிறது, ஓரம் இழக்கும் நீரை ஈடுகட்ட நடுவிலிருந்து நீர் ஓடி வருகிறது. வரும் நீர் சுமந்து வந்ததைக் கரையில் இறக்கிவிடுகிறது. டபராவின் அடியில் காய்ந்த காபிக் கறை நடுவில் வெளுத்து விளிம்பில் கறுத்துக் கிடப்பதும் இதே காரணத்தால்தான். சிகாகோ பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் 1997-இல் நேச்சர் இதழில் இதை விளக்கினார்கள். ஆக, கோடு விழாமலிருக்க வழி இரண்டு. தரையில் குறைவான தண்ணீர் நிற்க வேண்டும், நிற்கும் தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டும். இரண்டையும் தீர்மானிப்பது, வாளியிலிருந்து வெளியே வரும் மாப்பின் வயிற்றில் என்ன இருக்கிறது என்பதுதான்.

மைக்ரோஃபைபர் என்ற பெயரில் விற்கும் நாரை நான் குறைத்துப் பேச வரவில்லை. அது உண்மையிலேயே அருமையான பொருள். ஜப்பானின் டோரே நிறுவனத்தில் மியோஷி ஒகமோட்டோ 1970-இல் உருவாக்கிய மிக நுண்ணிய இழை முதலில் மான்தோல் போன்ற செயற்கைத் துணிக்குப் போனது. பின்னர் அந்த வகை நுண்ணிழைகள் துடைக்கும் துணிக்கும் வந்து சேர்ந்தன. ஒரு இழையைக் குறுக்கே வெட்டினால் சாத்துக்குடியை வெட்டியதுபோல் இருக்கும். பாலியஸ்டர் சுளைகள், அவற்றுக்கு நடுவே சவ்வுபோல் நைலான். பதப்படுத்தும்போது சுளைகள் பிரிந்து, ஒவ்வொன்றும் சில மைக்ரான் அகலமுள்ள கூர்விளிம்பு இழையாகிவிடுகிறது. பருத்தி இழையோ 12 முதல் 20 மைக்ரான். இழை மெலிந்தால் இழைகளுக்கிடையிலான சந்தும் குறுகும். சந்து குறுகக் குறுக நீரை இழுக்கும் பிடி அதே விகிதத்தில் ஏறும். 50 மைக்ரான் ஆரமுள்ள சந்து, நன்றாக நனையும் பொருளாக இருந்தால், தண்ணீரை 29 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஏற்றும். பள்ளிக்கூட ஸ்கேலின் நீளம். 5 மைக்ரான் சந்து அதே தண்ணீரை 2.9 மீட்டர் ஏற்றும். சாதாரண அறையில் நின்றால் கூரையைத் தொட ஒரு சாண்கூட மிச்சமிருக்காது. டைல்ஸின் மேல் இருக்கும் மெல்லிய படலத்தையும் சொரசொரப்பான குழிக்குள் ஒளிந்த ஈரத்தையும் மைக்ரோஃபைபர் இழுத்துக்கொள்வது இந்தப் பலத்தால்தான். பெரிய சந்தில் உள்ள தண்ணீரைச் சிறிய சந்து பிடுங்கிக்கொள்ளும். தரையின் குழியைவிட மாப்பின் சந்து நுண்ணியதாக இருந்தால் மாப் ஜெயிக்கும்.

விளம்பரம் இத்தோடு நிறுத்திக்கொள்கிறது. ஆனால் இழுக்கத் தெரிந்த அதே சந்துக்கு விடத் தெரியாது, ஏனென்றால் இரண்டும் ஒரே விசை. ஸ்பின் மாப்பின் கூடையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆரம் 10 சென்டிமீட்டர், வேகம் நிமிடத்துக்கு 600 சுற்று என்று தாராளமாகவே வைத்துக் கணக்கிட்டால், சுவரோரம் இருக்கும் நீர் புவியீர்ப்பைப்போல் 40 மடங்கு விசையோடு வெளியே தள்ளப்படுகிறது. கேட்கப் பிரமாதமாக இருக்கிறது. ஆனால் கூடைச் சுவரோடு அப்பிக்கொண்டிருக்கும் நார்க்கட்டு 2 சென்டிமீட்டர் தடிமன் என்றால், அந்த விசையால் காலியாவது சுமார் 18 மைக்ரானுக்கு மேற்பட்ட ஆரமுள்ள சந்துகள் மட்டும்தான். மாப்பை மாப்பாக்கிய 5 மைக்ரான் சந்துகள் அசைந்துகொடுக்காது. வேகத்தை இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். அப்போதுதான் 5 மைக்ரானை எட்ட முடியும், கால் மிதியிலோ கைப்பிடியிலோ அந்த வேகம் எளிதில் வராது. சோப்பு இங்கே கைகொடுக்கிறது. அது நீரின் பரப்பு இழுவிசையைப் பாதிக்கும் கீழே இறக்குவதால், அதே 600 சுற்றில் 8 மைக்ரான் வரையிலான சந்துகள் காலியாகிவிடும். கையால் முறுக்கிப் பிழிவது வேறு விதமான வேலை. சந்தில் உள்ள நீரை வெளியே தள்ளப் பார்க்காமல், முறுக்கு சந்தையே நசுக்கி மூடிவிடுகிறது. தங்க இடமில்லாமல் நீர் வெளியேறுகிறது. பழைய வேட்டித்துணியை நனைத்துப் பிழிந்து குந்தி உட்கார்ந்து துடைத்த தரை, பளபளக்கும் ஸ்பின் மாப்பைவிடச் சுத்தமாகத் தெரிவதாகப் பலர் சொல்வதில் இயற்பியல் இருக்கிறது. அந்தச் சுத்தத்துக்கு மணிக்கட்டும் முழங்காலும் ஃபினாயில் தண்ணீரில் ஊறிய விரல்தோலும் விலை கொடுத்தன, பெரும்பாலும் பெண்களுடையவை, அதிலும் வீட்டுவேலைக்கு வருபவர்களுடையவை. பழையபடி துணிக்கே திரும்பலாம் என்று சொல்ல எனக்கு மனம் வராதது அதனால்தான்.

இனி வாளி. தேங்காய்ப் பால் எடுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். துருவலில் தண்ணீர் முழுவதையும் ஒரேயடியாக ஊற்றி ஒருமுறை பிழிந்து சக்கையைத் தூக்கி எறிவதில்லை. கொஞ்சம் ஊற்றி முதல் பால், மறுபடி கொஞ்சம் ஊற்றி இரண்டாம் பால், விடாப்பிடியான கை மூன்றாம் பாலும் எடுக்கும். அதே தண்ணீரைப் பிரித்து ஊற்றினால் அதிகம் இறங்கும் என்பது அடுப்படிக்கு எப்போதோ தெரிந்த விஷயம். மாப்பிலும் அதேதான்: மாப் துருவல், அழுக்கு பால், வெறும் சக்கையாகத் திரும்ப வேண்டியது மாப்பின் தலை. அழுக்கு தண்ணீரில் சமமாகக் கலந்துவிடுகிறது என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். பிழிந்த பின்னும் 500 மில்லி தங்கும் மாப்பை 5 லிட்டர் தண்ணீரில் அலசினால், பழைய அழுக்கில் பதினொன்றில் ஒரு பங்கு உள்ளேயே இருக்கும். அதே 5 லிட்டரை இரண்டரை இரண்டரையாகப் பிரித்து இரண்டு முறை அலசிப் பிழிந்தால், 36-இல் ஒரு பங்கு. தண்ணீர் ஒரு சொட்டுக்கூட அதிகம் செலவாகவில்லை. பிரிக்காமல், பிழிவதை மட்டும் திருத்தி 100 மில்லி தங்குமாறு செய்தால் 51-இல் ஒரு பங்கு. பிரிப்பதையும் பிழிவதையும் சேர்த்துச் செய்தால்? 676-இல் ஒரு பங்கு. புதிய நார், புதிய வாசனை என்று எதுவும் கூட்டாமல் 11 எங்கே, 676 எங்கே!

இப்போது கடையில் விற்கும் ஒற்றை வாளி ஸ்பின் மாப்பைப் பாருங்கள். கூடையிலிருந்து சிதறும் அழுக்குத் தண்ணீர், மாப்பை அடுத்து முக்கப்போகும் அதே தண்ணீருக்குள் விழுகிறது. முதல் பாலை எடுத்து அதையே தண்ணீராக ஊற்றி இரண்டாம் பால் பிழிவதற்குச் சமம் இது. வாளித் தண்ணீர் எந்த அளவுக்குக் கறுத்திருக்கிறதோ அதே கறுப்போடுதான் மாப் வெளியே வரும். கடைசியாகத் துடைக்கும் அறை, முந்தைய எல்லா அறைகளின் அழுக்கிலும் பங்கு பெறும்.

வரலாற்றை ஒரு பத்திக்கு மேல் நீட்ட வேண்டியதில்லை. அமெரிக்காவில் தாமஸ் ஸ்டூவர்ட் 1893-இல் காப்புரிமை பெற்ற மாப்பில் தலையைக் கழற்றலாம், கையை நனைக்காமல் பிழியவும் ஏற்பாடு உண்டு. ஸ்பெயினில் மானுவல் ஹலோன் என்ற விமானப் பொறியாளர் 1956-இல் பிழியும் வாளியோடு கூடிய மாப்பைக் கொண்டுவந்து, மண்டியிட்டுத் துடைத்த பெண்களை நிமிர வைத்தார். 1990-இல் ஜாய் மங்கானோவின் மாப் தன்னைத்தானே முறுக்கிக்கொண்டது. பெயர் நிலைத்த மூவருமே பிழிவதில்தான் கவனம் வைத்தார்கள்.

நார் முக்கியமில்லையா என்று கேட்பவர்கள் கையில் நல்ல ஆதாரமே இருக்கிறது. வட கரோலினா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்ட சோதனையில், வெறும் சோப்புக் கரைசலோடு மைக்ரோஃபைபர் மாப் தரையின் நுண்ணுயிர்களில் 95 சதவீதத்தை எடுத்தது, பருத்தி நூல் மாப் 68 சதவீதம்தான். கிருமிநாசினி சேர்த்தபோது பருத்தியும் 95-க்கு ஏறியது, மைக்ரோஃபைபர் 95-லேயே நின்றது. நல்ல நார் கையில் இருந்தால் கிருமிநாசினி எதையும் கூட்டவில்லை என்ற இரண்டாவது செய்தியை மருந்து விற்பவர்கள் சொல்லப்போவதில்லை. முதல் செய்தியை நான் முழுதாக ஏற்கிறேன். ஆனால் தரையிலிருந்து 95 சதவீதம் ஏறிக்கொண்டால், அது அடுத்து எங்கே போகிறது என்ற கேள்வி இன்னும் பெரிதாகிறது. அதிகம் பிடிக்கும் நார், விட வழியில்லாதபோது அதிகம் சுமந்து திரியும் நார். மருத்துவமனைகள் இதைப் புரிந்துகொண்டன. கலிபோர்னியாவின் டேவிஸ் மருத்துவ மையம் 1999-இல் நூல் மாப்பை விட்டு மைக்ரோஃபைபருக்கு மாறத் தொடங்கிய கதையை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2002-இல் ஆவணமாக வெளியிட்டது. அங்கே அறைக்கு அறை புதிய துணி. அழுக்கானது வாளிக்குத் திரும்பாமல் சலவைக்குப் போகிறது. பாராட்டு மொத்தத்தையும் நாருக்குக் கொடுத்தவர்கள், வாளிக்குத் திரும்பாத அந்த ஒழுங்கைக் கவனிக்கத் தவறினார்கள்.

அழுக்கு அப்படியெல்லாம் சமமாகக் கலக்காது, முடியும் களிமண்ணும் நாரில் சிக்கிக்கொள்ளும் என்று இன்னொருவர் சொல்லலாம். உண்மை. 676 என்ற எண் வீட்டில் கிடைக்காது. ஆனால் சிக்கிக்கொள்ளும் அழுக்கு ஒற்றை அலசலையும்தான் கெடுக்கிறது. எது மேல், எது கீழ் என்ற வரிசை மாறுவதில்லை. இரண்டு வாளி என்றால் இரட்டைத் தண்ணீர் ஆகுமே, கோடையில் லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் தெருவில் இது நடக்குமா என்பது அதைவிடக் கனமான கேள்வி. மேலே போட்ட கணக்கில் தண்ணீரைக் கூட்டவில்லை, பிரிக்க மட்டுமே செய்தோம். இன்னும் சிக்கனம் வேண்டுமென்றால் சாயப்பட்டறைகளிலும் மின்முலாம் பூசும் தொழிலிலும் வழக்கமாக இருக்கும் எதிரோட்ட அலசலைக் கடன் வாங்கலாம். முதல் அலசல் எப்போதும் அழுக்கு வாளியில், இரண்டாவது நல்ல வாளியில். அழுக்கு வாளி கறுத்ததும் அதை மட்டும் கொட்டிவிட்டு, இரண்டாவதில் இருந்ததை முதலாவதுக்கு மாற்றி, புதுத் தண்ணீரை இரண்டாவதில் மட்டும் நிரப்ப வேண்டும். சொதியில் காயை வேகவைக்க இரண்டாம் பால், இறக்கும்போது முதல் பால் என்று கெட்டியையும் நீர்த்ததையும் இடம் பார்த்து ஊற்றும் கைக்கு இது கடினமாகப் படாது.

ஆகவே மாப்பைத் திருத்த உட்காரும் வடிவமைப்பாளரிடம் நான் கேட்பது சொற்பம். கூடை அழுக்குத் தண்ணீர்ப் பக்கத்துக்கு மேலேதான் இருக்க வேண்டும், சிதறல் தாண்டாத உயரத்தில் தடுப்பு வேண்டும், குனிந்து தூக்காமல் அழுக்குத் தண்ணீரை மட்டும் திறந்துவிட அடியில் அடைப்பான் வேண்டும். இரண்டு அறையுள்ள வாளிகள் விற்பனைக்கு வந்துவிட்டன. வாங்குமுன் கூடை எந்தப் பக்கத்தில் தொங்குகிறது என்று பாருங்கள். அதைவிட அவசியம், சுழற்றுவதற்கு முன் தலையை நசுக்கும் ஓர் அமுக்கு. உடல் எடையைக் காலால் இறக்கினால் போதும், மணிக்கட்டு முறுக்கிய வேலையைப் பலகையோ உருளையோ செய்துவிடும். தலையை நிழலில் மடித்து வைக்காமல் தொங்கவிட ஒரு கொக்கியும், துணி மென்மையாக்கும் திரவத்தை இதில் ஊற்றாதீர்கள் என்ற எச்சரிக்கையும் பெட்டியில் இருக்கட்டும். அந்தத் திரவம் நாரின் மேல் படிந்து, அதன் உறிஞ்சும் பிடியையே கெடுக்கிறது.

கேள்வி கேட்ட வாசகர் புது மாப் வாங்குமுன் சமையலறைத் தராசை எடுக்கட்டும். இப்போதுள்ள மாப்பின் தலையை உலர்ந்த நிலையில் நிறுத்து எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு நனைத்து, வழக்கம்போல் கூடையில் சுழற்றி, இன்னொரு முறை நிறுக்க வேண்டும். கூடிய கிராம் எத்தனையோ அத்தனை மில்லி உள்ளே தங்கியிருக்கிறது. அதே தலையைக் கையால் இறுக்கி முறுக்கிவிட்டு மூன்றாவது முறை நிறுத்தால், கை எடுத்ததற்கும் கூடை எடுத்ததற்கும் நடுவே எத்தனை மில்லி என்று தெரிந்துவிடும். வித்தியாசம் சொற்பமாக இருந்தால் மாப்பைக் குறை சொல்ல வேண்டாம், தண்ணீரைப் பிரித்து அலசினால் போதும். வித்தியாசம் நூறு மில்லியைத் தாண்டினால், கறுப்பு டைல்ஸில் காய்கிற கோடு அந்த நூறு மில்லிக்குள்தான் இருக்கிறது.