சீலிங் ஸ்பீக்கர்ல பார்ட்டி: பெரிய அம்ப் வாங்க முதல்

ஸ்ரௌவ்வில்ல வீடு வாங்கின நேயர் ஒருத்தர் கேட்டிருந்தார்: “மெயின் ஃப்ளோர் சீலிங்ல நாலு ஸ்பீக்கர் இருக்கு. சமைக்கேக்க பாட்டுக் கேக்க நல்லா இருக்கு, ஆனா பார்ட்டிக்குச் சத்தம் காணாது. பெரிய அம்ப் ஒண்டு போட்டாச் சரியா?”

பெரும்பாலும் சரிவராது. ஏன் எண்டு பாப்பம்.

முதல்ல வாற் கணக்கு. பழைய சோனோஸ் கனெக்ற் அம்ப், ஒரு சனலுக்கு 55 வாற். பிறகு வந்த சோனோஸ் அம்ப் 125 வாற். இரண்டு மடங்குக்கும் மேல எண்டு சந்தோசப்படுவீங்கள். ஆனால் டெசிபல் மடக்கைக் கணக்கில் ஏறுவது. உங்களுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 3.6 டெசிபல்தான். “இப்ப இரண்டு மடங்கு சத்தம்” எண்டு காது உணர 10 டெசிபல் அளவு கூட வேணும். அதுக்கு வாற் பத்து மடங்காக வேணும்.

ஸ்பீக்கர் வாங்கேக்க பாக்க வேண்டியது சென்சிற்றிவிற்றி: 1 வாற் குடுத்து 1 மீற்றர் தள்ளி அளந்த சத்தம். 88 டெசிபல் ஸ்பீக்கருக்கு 400 வாற் குடுத்து வரும் சத்தத்தை, 97 டெசிபல் ஸ்பீக்கர் 50 வாற்றிலேயே தரும். அதோட, சீலிங்ல இருக்கிற சின்ன வூஃபருக்கு 400 வாற்றைத் தாங்கவும் ஏலாது. சின்ன அம்பை முழுசாத் திருகினாலும் ஆபத்துத்தான்: அலை வெட்டுப்பட்டு ட்வீற்றர் எரியலாம்.

அடுத்தது பேஸ். குத்துப் பாட்டில ஆட வைக்கிறது அதுதான். சின்ன வூஃபர் திணறுவதும் அதிலதான். சோனோஸ் அம்பில சப்வூஃபர் பூட்ட ஒரு அவுட்புட் இருக்கு. 80 ஹேர்ட்ஸுக்குக் கீழ உள்ளதை சப்புக்கு அனுப்பினா, மேல உள்ள நாலு ஸ்பீக்கருக்கும் சுமை குறையும், கூடச் சத்தமா, தெளிவாப் பாடும்.

இன்னொண்டு: உங்கட சீலிங்தான் மேல படுக்கிற அம்மம்மாவின்ர தரை. பல சீலிங் ஸ்பீக்கருக்குப் பின்பக்கம் மூடியில்லை. சத்தம் மரச் சட்டங்களுக்குள்ளால மேல போகும். பின்பெட்டி போடலாம், ஆனா ட்ரைவோலை வெட்ட வேண்டி வரும்.

அதால என்ர தெரிவு இது: சீலிங் ஸ்பீக்கரைப் பேச்சுக்கு இடைஞ்சல் இல்லாத பின்னணிப் பாட்டுக்கு விடுங்கோ. ஒரு சப் சேருங்கோ. ஆடுற இடத்துக்கு, ஸ்ராண்டில நிக்கிற பவர்ட் ஸ்பீக்கர் இரண்டை வாடகைக்கு எடுங்கோ. வருசத்தில இரண்டு பார்ட்டிக்குச் சுவரைக் கிழிக்கத் தேவையில்லை.

கடைசியா, காது. அமெரிக்காவின்ர நயோஷ் நிறுவனம் வேலையிடங்களுக்குச் சொல்லும் எல்லை 85 டெசிபலில் 8 மணித்தியாலம். ஒவ்வொரு 3 டெசிபல் கூட, நேரம் பாதியாகும்: 94 எண்டா 1 மணித்தியாலம், 100 எண்டா 15 நிமிசம். அதாவது புது அம்ப் தருகிற, காதுக்குச் சின்னதாத் தெரியிற அந்த 3.6 டெசிபலே உங்கட நேரத்தைப் பாதிக்கும் கீழ கொண்டு போகும்.

ஐபோனுக்கு நயோஷ் சவுண்ட் லெவல் மீற்றர் அப் இலவசம். அடுத்த பார்ட்டியில ஆடுற இடத்தில ஒருக்கா, சின்னப் பிள்ளையள் நிக்கிற இடத்தில ஒருக்கா அளந்து பாருங்கோ. காசு செலவழிக்கிறதைப் பிறகு யோசிப்பம்.