முனுசாமியும் மூன்சாமியும் ஒரே ஆளா?

இந்த வார எபிசோட்ல டேட்டாபேஸ் தேடல் பத்திப் பேசினோம். நேரம் போதாம விட்டுப்போன ஒரு விஷயத்தை இங்க எழுதுறேன். நம்ம பேரு.

எமிரேட்ஸ் ஐடி வச்சிருக்கிறவங்க கொஞ்சம் எடுத்துப் பாருங்க. ஆங்கிலத்துல ஒரு தடவை, அரபில ஒரு தடவைன்னு உங்க பேரு ரெண்டு முறை இருக்கும். அந்த அரபிப் பேரு பெரும்பாலும் தமிழ்ல இருந்து நேரா போனது இல்ல, ஆங்கில ஸ்பெல்லிங்கைப் பார்த்து எழுதினது. 'பழனி'ன்னு ஒருத்தர் இருந்தா, ஆங்கிலத்துக்குப் போகும்போதே ழ காணாமப் போயிடும். அடுத்து அரபி. 'பாம்பு'ங்கிற சொல்லை வாய்விட்டுச் சொல்லுங்க. கடைசில வர்ற 'பு' ஒலிக்கு அரபில எழுத்து இருக்கு, முதல்ல வர்ற 'பா' ஒலிக்கு இல்ல. அதனால பழனியோட முதல் எழுத்தும் மாறிடும். ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்தா மங்கிப் போகும்ல, அதே கதை தான்.

இதை யாரோ ஒரு கிளர்க்கோட அலட்சியம்னு சொல்லி முடிச்சிட முடியாது. தமிழ்ல ஒரே 'ச' தான், ஆனா அதை ஆங்கிலத்துல எழுத எஸ், சி-எச், ஜே மூணுமே உண்டு. ஒரே 'க'வுக்கு கே, ஜி, எச். எழுதுறவர் எந்த மொழிக்காரர்ங்கிறதும் முக்கியம். பிரெஞ்சுக்காரங்க ஆண்ட புதுச்சேரில முத்துவோட ரெண்டு உகரத்துக்கும் ஓ-யூ போட்டு எழுதுவாங்க, மெட்ராஸ்ல வெறும் யூ போதும். 'சோழமண்டலம்' ஐரோப்பியர் வாயில 'கோரமண்டல்' ஆனதும் இப்படித்தான். ச போய் க வந்துச்சு, ழ போய் ர வந்துச்சு. ஒரு கடற்கரைக்கே இந்த கதின்னா, கப்பலேறின சாதாரண ஆளோட பேரு என்ன ஆகியிருக்கும்?

நேட்டால் கப்பல் பட்டியல்

1860 நவம்பர் 16 அன்னைக்கு 'ட்ரூரோ'ங்கிற கப்பல் மெட்ராஸ்ல இருந்து டர்பன் போய்ச் சேர்ந்தது. அதுல 340 பேருக்கு மேல ஒப்பந்தக் கூலிகள். 1911 வரைக்கும் இப்படி நேட்டாலுக்குப் போனவங்க 1,52,184 பேர். பெரும்பகுதி மெட்ராஸ் துறைமுகம் வழியாப் போனவங்க. ஒவ்வொருத்தருக்கும் பேரு, அப்பா பேரு, வயசு, ஜாதி, ஜில்லா, ஊருன்னு பதிஞ்சு வச்சாங்க. பல பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவங்க வாயால சொன்னதை இன்னொருத்தர் காதால கேட்டு ஆங்கிலத்துல எழுதினார். எழுதினது சரியான்னு படிச்சுப் பார்க்க அவங்களால முடியல.

விளைவு? இன்னைக்கும் தென்னாப்பிரிக்காவுல மூன்சாமி, முன்சாமி, முனுசாமின்னு தனித்தனி குடும்பப் பேருங்க இருக்கு. முதலி 'மூட்லி' ஆச்சு. கவுண்டர் 'கோவெண்டர்' ஆச்சு. பேருக்குப் பின்னாடி வர்ற 'சாமி'யை மட்டும் பிய்ச்சு எடுத்து, தமிழ்க் கூலிகள் எல்லாரையும் வெள்ளைக்காரங்க 'சாமி'ன்னே கூப்பிட்டாங்க. காந்தி தன்னோட சுயசரிதையில இதை எழுதியிருக்கார். மரியாதைச் சொல்லு, ஏளனப் பேரா மாறிடுச்சு.

கம்ப்யூட்டர் கண்டுபிடிக்குமா?

இப்ப அந்த வம்சத்துல நாலாவது, அஞ்சாவது தலைமுறை ஆளுங்க தாத்தாவோட தாத்தாவைத் தேடுறாங்க. இந்த மாதிரித் தேடலுக்குப் பழைய கருவி ஒண்ணு உண்டு: சவுண்டெக்ஸ். 1918ல அமெரிக்காவுல காப்புரிமை வாங்கினது. பேரோட முதல் எழுத்தை அப்படியே வச்சுக்கிட்டு, உயிரெழுத்துகளைத் தூக்கிட்டு, ஒரே மாதிரி ஒலிக்கிற மெய்யெழுத்துகளுக்கு ஒரே எண் கொடுக்கும்.

நம்ம பேருங்களை அதுல போட்டுப் பாருங்க. முனுசாமி, மூன்சாமி ரெண்டுக்கும் எம்525 வருது. புதுச்சேரி முத்து, மெட்ராஸ் முத்து ரெண்டுக்கும் எம்300. அடடா, ஜோர்! ஆனா சின்னசாமியை சி-எச் போட்டு எழுதினா சி525, எஸ் போட்டு எழுதினா எஸ்525. பழனியில ழவுக்கு எல் போட்டா பி450, இசட்-எச் போட்டா பி250. அமெரிக்கக் குடும்பப் பேருங்களை மனசுல வச்சு செஞ்ச கருவி, நம்ம ழவுக்கும் சவுக்கும் முன்னாடி முழிக்குது.

கடைசில கை கொடுக்கிறது எது தெரியுமா? நேட்டால்ல ஒவ்வொரு கூலிக்கும் கொடுத்த வரிசை எண். பேரு காகிதத்துக்குக் காகிதம் மாறினாலும் அந்த எண் மாறல. மனுஷனை எண்ணாக்கின அதே எண் தான், இன்னைக்கு அவரோட கொள்ளுப்பேத்திக்கு ஊர் வழி காட்டுது.

நம்ம காலத்துப் பட்டியல்

இது ஏதோ பழங்கதைன்னு நினைக்காதீங்க. 2022 நவம்பர்ல, பாஸ்போர்ட்ல ஒத்தைப் பேரு மட்டும் இருக்கிற விசிட்டர்களை யு.ஏ.இ. அனுமதிக்காதுன்னு அறிவிப்பு வந்தப்போ அதிகம் கலங்கினது நம்மாளுங்க தான். அப்பா பேரோ குடும்பப் பேரோ பாஸ்போர்ட்டோட இன்னொரு பக்கத்துல இருந்தா போதும்னு அப்புறம் தளர்த்தினாங்க. நமக்கு இனிஷியல் தானே, குடும்பப் பேரு ஏது? அந்தக் கட்டத்துல அப்பா பேரைப் போடுறோம். அதனால தாத்தா, அப்பா, மக மூணு பேருக்கும் மூணு 'குடும்பப் பேரு'. நூறு வருஷம் கழிச்சுத் தேடுறவங்களுக்கு இவங்க ஒரே குடும்பம்னே தெரியாது.

ஜெபல் அலில ஒரு கம்பெனியோட பழைய ஊழியர் பட்டியலைப் புது சிஸ்டத்துக்கு மாத்துற கான்ட்ராக்ட் வேலை பார்த்தேன். ஆறுமுகம்னு ஒரே அண்ணன், ரெண்டு ஸ்பெல்லிங்ல ரெண்டு ஆளா இருந்தார். பாஸ்போர்ட் புதுப்பிச்சதுல அந்த நம்பரும் மாறியிருந்தது. இங்க கிராஜுவிட்டி முதல் 5 வருஷத்துக்கு வருஷத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதுக்கு மேல 30 நாள். சர்வீஸ் ரெண்டா உடைஞ்சா யாரோட பணம் போகும்? 784ல ஆரம்பிக்கிற எமிரேட்ஸ் ஐடி எண் தான் ரெண்டு ஆறுமுகத்தையும் ஒண்ணாக்கினது.

டேட்டா வேலையில நான் விடாமப் பிடிச்சுக்கிற விதி ஒண்ணு: பழைய ஸ்பெல்லிங்கைத் 'திருத்தி' அழிக்காதே, பக்கத்துல சேர்த்து வை. தப்பா எழுதின பேருக்கும் சாட்சி மதிப்பு உண்டு. அதை அழிச்சா அந்தக் காகிதத்துக்குத் திரும்பிப் போற வழியும் போச்சு.

வீட்டுலயும் இதையே செய்யலாம். அம்மா அப்பாகிட்ட உட்கார்ந்து தாத்தா பாட்டி பேரைத் தமிழ் எழுத்துல எழுதி வாங்குங்க. கூடவே ஊரு, தாலுகா, பழைய ஜில்லா பேரு. வட ஆற்காடுன்னு இருந்தா இன்னைக்கு அது வேலூரா, திருவண்ணாமலையா, ராணிப்பேட்டையான்னு கேட்டுக் குறிச்சுக்குங்க. பாஸ்போர்ட், பள்ளிச் சான்றிதழ், லேபர் கார்டுன்னு ஒவ்வொரு காகிதத்துலயும் எப்படி இருக்கோ, எழுத்து மாறாம, எண்ணோட சேர்த்து எழுதுங்க. தமிழ் எழுதத் தெரியாதவங்க அம்மாவையே எழுதச் சொல்லி போட்டோ எடுத்து வைங்க. அரை மணி நேர வேலை தான், ஆனா அவங்க இருக்கும்போதே செய்யணும்.

உங்க வீட்டுல ஒரே பேருக்கு எத்தனை ஸ்பெல்லிங் தேறிச்சுன்னு பதில் போடுங்க. அடுத்த எபிசோட்ல அதை வச்சுத்தான் கச்சேரி.