மூளையில் வெள்ளை எது, சாம்பல் எது?

உத்தனப்பள்ளியிலிருந்து ஓசூர் வந்து, பெங்களூருக்குப் பேருந்து ஏறுங்கள். நகருக்குள், ஓசூர் சாலையிலேயே, நிம்ஹான்ஸ் நிறுவனம் இருக்கிறது. அங்கே 1995-இல் மூளை வங்கி ஒன்று தொடங்கப்பட்டது. இறந்தோரின் மூளைகள் உறவினர் ஒப்புதலோடு ஆராய்ச்சிக்காகச் சேமிக்கப்படுகின்றன. குறுக்கே வெட்டிய மூளையில் ஓரமாகச் சில மில்லிமீட்டர் கனத்தில் சாம்பல் நிறப் பகுதி. உள்ளே பெரும்பாலும் வெண்மை. தண்டுவடத்திலோ இது தலைகீழ்: சாம்பல் உள்ளே, வெண்மை வெளியே. (உயிருள்ள மூளையில் சாம்பல் பகுதி இரத்த ஓட்டத்தால் சற்றுச் சிவந்தே தோன்றும்.)

சாம்பல் பகுதியில் நரம்புச் செல்களின் உடலங்களும் அவை ஒன்றோடொன்று செய்தி மாற்றிக்கொள்ளும் இணைப்புகளும் செறிந்துள்ளன. வெண்மைப் பகுதி, அச்செல்களிலிருந்து நீளும் ஆக்ஸான் இழைகளின் கட்டு. அதற்கு வெண்மை தருவது இழைகளைச் சுற்றிய மயலின் என்னும் கொழுப்புறை.

'சாம்பல்தான் அறிவு, வெள்ளை வெறும் கம்பி' என்று மாணவர் பலர் நினைக்கிறார்கள். இயற்பியல் ஆசிரியனான எனக்கு அந்தக் கம்பிதான் வியப்பு! நம் தோட்டங்களில் ஓடும் சொட்டுநீர்க் குழாயை நினையுங்கள். வழியெல்லாம் ஓட்டை இருந்தால் கடைசிச் செடிக்கு நீரழுத்தம் குறையும் அல்லவா? உறையில்லா இழையிலும் மின்னோட்டம் அவ்வாறே கசிகிறது. ஒவ்வொரு புள்ளியிலும் துடிப்பைப் புதுப்பித்தாக வேண்டும். மயலின் கசிவை அடைக்கிறது. மின்தேக்குத் திறனையும் குறைக்கிறது. ஆகவே ரான்வியர் கணுக்கள் எனப்படும் இடைவெளிகளில் மட்டுமே துடிப்பு புதுப்பிக்கப்படுகிறது. கணுவுக்குக் கணு தாவிச் செல்கிறது. உறையில்லா மெல்லிய இழையில் வேகம் விநாடிக்குச் சுமார் 1 மீட்டர். உறையுள்ள தடித்த இழையில் 100 மீட்டரையும் எட்டும். கால்விரல் கல்லில் இடித்தால் இடித்தது உடனே தெரிகிறது, எரிச்சல் சற்றுப் பின்னரே வருகிறது. காரணம் இதுவே.

இனி, நம் நெடுஞ்சாலைக்கு வருவோம். மோட்டார் சைக்கிளிலிருந்து விழுபவரின் தலை சட்டென்று சுழன்று நிற்கிறது. உள்ளிருக்கும் மூளை நிலைமத்தால் பின்தங்குகிறது. சாம்பலும் வெண்மையும் அடர்த்தியில் ஒன்றல்ல. ஆகவே இரண்டும் சேரும் எல்லையில் இழைகள் இழுபட்டுச் சிதைகின்றன. மண்டையோடு உடையாமலேயே இது நேரலாம். முதல் சி.டி. படத்தில் ஒன்றும் தெரியாமலும் போகலாம். எனவே, நினைவு தப்பி எழுந்தவரை 'காயமே இல்லையே' என்று வீட்டுக்கு அழைத்துச் செல்லாதீர்கள். கையிலுள்ள நரம்பு அறுந்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் வளரக்கூடும். மூளையின் இழைகள் அவ்வாறு வளர்வதில்லை. அங்குள்ள மயலினின் சில புரதங்களே அவ்வளர்ச்சியைத் தடுக்கின்றன.